அகமும் அரங்கும்

அகம் என்னும் சொல் தமிழில் பல பொருள்களைத் தன்னுள் அடக்கியது. மனம் அகம், வீடு அகம், உள்ளிடம் அகம். பாலக்காட்டு அக்கிரகாரங்களில் ‘ஆத்துக்கு வாங்கோ’ என்று விருந்தினரை அழைக்கும்போது வாயில் வருவதும் இந்த அகமே. தேய்ந்து, உருபேற்று, உருமாறி நிற்கிறது, அவ்வளவுதான். தொல்காப்பியர் ஒரு படி மேலே சென்று, வாழ்க்கையையே அகம் புறம் என இரண்டாகப் பகுத்தார். அகத்தில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டப்படுவதில்லை. அங்கே பேசப்படுவது யாருடைய நெஞ்சமும் ஆகலாம். புறத்திலோ மன்னன் பெயர் உண்டு, ஊர் உண்டு, கொடியும் முரசும் உண்டு, கேட்பதற்குக் கூட்டமும் உண்டு.

இச்சொல்லையே தன் பெயராகச் சூட்டிக்கொண்ட இசைக்குழு ஒன்று 2003-ஆம் ஆண்டில் பெங்களூரில் தோன்றிற்று. கருநாடக சங்கீதக் கீர்த்தனைகளை மின் கிட்டார், பேஸ் கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் ஆகியவற்றோடு இணைத்துப் பாடும் குழு அது. தலைமைப் பாடகரும் வயலின் வாசிப்பவருமாகிய ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் நம் பாலக்காடு மாவட்டத்து ஷொரணூரைச் சேர்ந்தவர். சுவாமி சீதாராமன் கீபோர்டு வாசிப்பதோடு பாடல்களும் எழுதுகிறார். கிட்டாரில் பிரவீண்குமார் பெயர் பெற்றார். இசையை மட்டும் நம்பிப் பிழைத்தவர்கள் அல்லர் இவர்கள். பகலில் கணினி நிறுவனங்களில் பணி. மாலையிலும் விடுமுறையிலும் ஒத்திகை. கோப்புகளுக்கிடையே நாளைக் கழித்துவிட்டு இரவில் நாலு வரி எழுத உட்காரும் என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இச்செய்தி தனியாக ஓர் உவகை தருகிறது என்பதை மறைப்பானேன்!

இக்குழுவினர் 2012-இல் ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ என்ற முதல் இசைத்தொகுப்பையும், 2017-இல் ‘எ டிரீம் டு ரிமெம்பர்’ என்ற இரண்டாவதையும் வெளியிட்டனர். பின்னரும் பாடல்கள் வந்துள்ளன. ஆயினும் இக்கட்டுரை இவ்விரண்டு தொகுப்புகளோடும், யூடியூபில் நம் வீட்டுப் பிள்ளைகள் ஓயாது பார்க்கும் இவர்களுடைய அரங்கப் பதிவுகளோடும் நின்றுகொள்ளும்.

சங்க மலரில் ராக் இசைக்கு என்ன இடம் என்று மூத்த அன்பர்கள் புருவம் உயர்த்தக்கூடும். நம் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு, மீனாட்சிபுரம் பக்கத்திலும், அங்கே தேவிகுளம், பீர்மேடு, மூணாறு மலைகளிலும் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் எழுதுவது பெரும்பாலும் மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் அவர்களுக்குச் செவிவழிச் செல்வம்: பாட்டி பேச்சு, கோயில், திரைப்பாட்டு. இவற்றோடு இப்போது ராக் குழுவும் சேர்ந்திருக்கிறது. எந்த வாயிலாகச் சொல் உள்ளே வருகிறதோ அந்த வாயிலைப் பரிசோதிப்பது நம் கடமை அல்லவா?

புரோகிரெசிவ் ராக் என்று இவ்வகை இசையை அழைக்கிறார்கள். 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் கிளைத்த பிரிவு இது. மூன்று நான்கு நிமிடப் பாட்டு என்னும் சட்டத்தை உடைத்து, ஒரு கருத்தைப் பல பகுதிகளாக வளர்த்து, இடையிடையே கால அளவை மாற்றி, நிதானமாக விரித்துரைப்பது இதன் இலக்கணம். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘எக்கோஸ்’ என்ற படைப்பு 1971-இல் வந்தது. இருபத்து மூன்று நிமிடங்களுக்கு மேல் ஓடி, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அது ஒன்றே நிரப்பிற்று. அதே குழுவின் ‘மணி’ என்ற 1973-ஆம் ஆண்டுப் பாடல் ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதற்கு வியந்தனர். மிச்ர சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு ஏழு ஒரு வியப்பா? இராகம் தானம் பல்லவிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு இருபத்து மூன்று நிமிடம்தான் நீளமா?

கேரள மண்ணில் வாழும் நமக்கு இன்னொரு சான்றும் உண்டு. பஞ்சாரி மேளம் 96 அட்சர காலத்தில் மெல்லத் தொடங்கி, 48, 24, 12 எனப் பாதி பாதியாகக் குறுகி, 6-இல் வந்து முடியும்போது நின்றவர் எல்லாருடைய கைகளும் மேலே இருக்கும். ஷொரணூருக்கு எதிர்க்கரையில், பாரதப்புழைக்கு அப்பால், செறுதுருத்தியில் கேரள கலாமண்டலம் இருக்கிறது. அந்த ஆற்றங்கரையில் பிறந்தவருக்குப் பேரொலியும் பொறுமையும் ஒருங்கே வாய்ப்பது இயல்பு. ஆகவே ராக் இசை இரைச்சல், கருநாடக சங்கீதம் அமைதி என்று எடுத்த எடுப்பில் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவோர் நம் ஊர்ப் பூரங்களை மறந்தவர்கள் என்பேன்.

இனித் தொகுப்புகளுக்கு வருவோம்.

முதல் தொகுப்பில் என்றும் நிற்கக்கூடியது ‘ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி’. தியாகராஜ சுவாமிகளின் ‘பண்டுரீதி கோலு’ என்னும் ஹம்சநாதக் கீர்த்தனையே இது. ஹம்சம் என்றால் அன்னம் ஆதலால் இந்த ஆங்கிலப் பெயர் போலும். (இரண்டாம் தொகுப்பில் ‘மனவ்யாலகிஞ்சரா’ கீர்த்தனைக்கு ‘மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்’, அதாவது மகரத்தின் மூடுபனி, என்று பெயர் சூட்டியிருப்பதன் காரணம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நல்ல பிள்ளைக்கு வாயில் நுழையாத பெயர் வைப்பது ஒரு காலத்து மோகம்.)

இந்தக் கீர்த்தனையின் பொருளைப் பாருங்கள். இராமனுடைய கொலுவில் தனக்கு ஒரு சேவகன் வேலை தரவேண்டும் என்று தியாகராஜர் விண்ணப்பம் செய்கிறார். மயிர்க்கூச்செறிவதே தனக்குக் கவசம், இராமபக்தன் என்பதே முத்திரை வில்லை, இராம நாமமே கையில் வாள் என்று சீருடையையும் தாமே வகுத்துக்கொள்கிறார். சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போட்டவன் எவனும் இந்தக் கீர்த்தனையைப் புன்னகையோடும் கொஞ்சம் கண்ணீரோடும்தான் கேட்பான். மனு எழுதுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கேட்கும் வேலைக்குத் தேவையான தகுதி முழுவதையும் காட்டிவிட்டுப் பிறகுதான் வேலை கேட்கிறார்.

ஆக இது வாளும் கவசமும் வில்லையும் தரித்த ஒரு வீரனின் பாட்டு. கொலு மண்டபத்தில், பலர் காண, நிமிர்ந்து நின்று பாடவேண்டிய பாட்டு. நம் இலக்கண மரபில் வைத்துச் சொன்னால் புறத்தின் சாயல் படிந்த பாட்டு. அதனால்தான் மின் கிட்டாரின் முரட்டு ஒலி இதற்கு ஒட்டுகிறது. அந்த ஒலி வாத்தியக்காரர் தம் கைத்திறம் காட்டப் பூசிய பூச்சாகத் தெரியாமல், சேவகனின் காலணி ஓசையாகவே காதில் விழுகிறது.

ஒட்டுவதற்கு இசையிலேயே இன்னொரு காரணம் இருக்கிறது. ராக் கிட்டாரில் ஒலியைக் கரகரப்பாக்கி வாசிக்கும்போது, மேலை இசையின் முழு சுவரக் கூட்டை வாசித்தால் ஒலி கலங்கிப்போகும். எனவே அவர்கள் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து அடிப்பார்கள். நடுவே நிற்கவேண்டிய காந்தாரத்தை விட்டுவிடுவார்கள். பவர் கார்டு என்று அதற்குப் பெயர். ஹம்சநாதத்திலும் காந்தாரம் கிடையாது. இன்று பாடப்படும் வழக்கில் தைவதமும் இல்லை. கிட்டார் எதை விட்டதோ அதை இராகமும் விட்டிருக்கிறது! நம் தம்புராவும் ச-ப-ச என்றுதானே மீட்டுகிறது? ஆகவே இந்தப் பாட்டில் கிட்டார் இராகத்தின் வீட்டுக்குள் செருப்புக் காலோடு நுழைந்ததாகத் தோன்றவில்லை. தம்புராவின் தடித்த தம்பியாக வாசற்படியில் நிற்கிறது. பாடகர் பிரதி மத்திமத்தைத் தொட்டு நிஷாதத்துக்குத் தாவும் இடங்களில் கீழே தளம் அசையாமல் இருப்பதால் அந்தத் தாவல் துல்லியமாகக் கேட்கிறது.

இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ‘மனவ்யாலகிஞ்சரா’வைக் காண்போம். நளினகாந்தி இராகம் நேர்கோட்டில் ஏறாது. காந்தாரத்துக்குப் போய், ரிஷபத்துக்குத் திரும்பி, மத்திமத்துக்கு ஏறும். வக்கிரம் என்பார்கள், அந்த வளைவே அதன் அழகு. திண்ணையில் ஏறப்போனவர் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறுவது போல. கீபோர்டு நாலு சுவரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் காந்தாரமும் ரிஷபமும் முன்பின் என்ற வரிசை இழந்து ஒன்றாகக் கலந்துவிடும்; திரும்பிப் பார்க்கும் பார்வை மறைந்துவிடும். இந்தத் தொல்லையைக் குழுவினர் உணராமல் இல்லை. குரலும் வயலினும் வளைவைக் காப்பாற்றப் பாடுபடுகின்றன. ஆனால் பின்னே அடுக்கடுக்காகப் பெருகும் ஒலி அதை விழுங்கிவிடும் கணங்கள் இப்பாட்டில் உண்டு.

பொருளிலும் சிக்கல் இருக்கிறது. இந்தக் கீர்த்தனை பாடப்படுவது கூட்டத்தை நோக்கியன்று. தியாகராஜர் தம் மனத்தையே கூப்பிட்டு, மருமம் முழுவதும் சொல்கிறேன், என் வேண்டுகோளைக் கேட்கலாகாதா என்று கெஞ்சுகிறார். நெஞ்சோடு கிளத்தல் என்று நம் அகப்பொருள் இலக்கணம் சொல்லும் துறையின் உடன்பிறப்பு இது. இரகசியத்தை ஒலிபெருக்கியில் சொல்லுவார் உண்டோ? ஆயிரம் பேர் கை தட்டும் அரங்கப் பதிவுகளில் இதைக் கேட்கும்போது நாணம் வருகிறது, பிறர் கடிதத்தைப் பிரித்துப் படித்தவர்போல. அதே பாட்டை இரவில், விளக்கணைத்த பின், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டால் கதை வேறு. நளினகாந்தி அப்போது அகமாகவே மாறிவிடுகிறது. ஆகவே என் தீர்ப்பு இது: ‘பண்டுரீதி’ அரங்கத்துக்கு உரியது; ‘மனவ்யால’ தொகுப்புக்கு உரியது. குழுவினர் இந்த வேற்றுமையைப் பாராட்டாமல் எல்லாவற்றையும் ஒரே உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். தம் பெயரின் பொருளை அவர்களே இன்னும் முழுதும் நம்பவில்லையோ என்று ஐயுறுகிறேன்.

‘தனஸ்ரீ’யைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. சுவாதித் திருநாள் மகாராஜாவின் தில்லானா. ஜதிச் சொற்களே மிகுதி, சாகித்தியம் சிறிது. சொல் குறைந்த இடத்தில் முழவுக்குச் சுதந்திரம் அதிகம் என்பதால் டிரம்ஸ் எவ்வளவு துள்ளினாலும் யாருக்கும் நட்டமில்லை. கேட்க உற்சாகமாக இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ‘மல்ஹார் ஜாம்’ என்ற பாடலோ பெயருக்கேற்ப மழையைக் கொண்டுவருகிறது. மல்ஹார் என்றவுடன் எனக்கு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் கௌடமல்ஹார்க் கீர்த்தனை ‘சரசமுகி’ நினைவுக்கு வரும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து திருவனந்தபுரம் சென்று, சுவாதித் திருநாளின் கீர்த்தனைகளைத் தேடித் திரட்டி, அங்குள்ள சங்கீதக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தவர் அவர். மலையைக் கடந்து இப்பக்கம் வந்த தமிழர் வெறுங்கையோடு வரவில்லை என்பதற்கு அவரைவிடச் சான்று வேறென்ன!

டிரம்ஸ் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும். இக்குழுவின் பலமும் பலவீனமும் அதில்தான் இருக்கின்றன.

இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்குத் துணைநின்ற கலைஞர் ஒவ்வொருவருக்கும் தகுதி வகுக்கிறார். தண்ணுமை முழக்கும் ஆசிரியனுக்கு அவர் வகுத்த தகுதி வியக்கத்தக்கது. வேகமோ கணக்கோ மட்டும் போதா. பாடலையும் மொழியையும் மற்ற கருவிகளையும் அவன் அறிந்திருக்க வேண்டும். பிறரிடத்துக் குறை நேர்ந்தால் நிரப்பவேண்டும், மிகை நேர்ந்தால் அடக்கவேண்டும். தன் ஒலி அவர்களை மேற்கொண்டுவிடலாகாது. முழவுக் கலைஞனின் முதல் கடமை செவி என்கிறார் அடிகள். பதினெட்டு நூற்றாண்டு ஆனதோ, அறிஞர் சிலர் சொல்வதுபோலக் குறைவோ, இதைவிடச் சிறந்த இலக்கணம் எந்த டிரம்ஸ் பள்ளியிலும் கற்பிக்கப்படுவதாக நான் நினைக்கவில்லை.

அந்த இலக்கணம் மனித உருவெடுத்து உலவிய ஊர் நம்முடையது. பாலக்காட்டு மணி ஐயர் (1912–1981) மிருதங்கத்தை நிறுத்துவதாலும் பேசவைத்தார். ஒலிபெருக்கி வேண்டா என்று அவர் பிடிவாதம் பிடித்த காலம் ஒன்று உண்டு. மைக் வைத்த மேடையில் வாசிக்க மறுத்தார். பலர் அதைக் கிழவரின் வீம்பு என்றனர். பாட்டின் சொல்லையும் தொப்பியின் கும்கியையும் ஒரே பெருக்கியில் போட்டு அரைத்தால் அளவு கெட்டுவிடும் என்ற அச்சமே அந்த வீம்பின் வேர். மைக் இல்லாமலே சபையின் கடைசி வரிசைவரை எட்டிய செம்பை வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரலும், மஞ்சப்ராவில் பிறந்த எம்.டி. இராமநாதன் சௌக்க காலத்தில் ஒரு சொல்லை ஊன்றி, விட்டு, அடுத்த சொல்லுக்கு நம்மைக் காக்கவைத்த அழகும் இதே மண்ணின் விளைவு. அகம் குழுவின் தலைவர் இவர்கள் பிறந்த மாவட்டத்திலிருந்து வந்தவர். அதனால்தான் அவரிடம் நாம் கணக்குக் கேட்கிறோம். வேறு ஊர்க் குழுவென்றால் விட்டுவிடுவோம்.

அந்தக் கணக்கில் வரவும் இருக்கிறது. ஆலாபனை நேரத்தில் இவர்கள் கருவிகளை அடக்கிக் குரலை முன்நிறுத்தத் தெரிந்தவர்கள். அரங்கில் பாடகர் மெல்லத் தொடங்கி இராகத்தின் உருவம் தெரிந்தபின் கிட்டார் வந்து சேரும் முறை பஞ்சாரியின் பதிகாலத்தை நினைவூட்டுகிறது. செலவு எங்கே வருகிறது என்றால் சரணத்தில். பாட்டின் உயிர்ச்சொல் அங்கேதான் இருக்கும். பாட்டு உச்சத்தை நெருங்குவதும் அங்கேதான். ஜால்ராக்கள் போன்ற அந்தப் பித்தளைத் தட்டுகளின் ஒலி மேலே பரவி, வல்லின எழுத்துகளை எல்லாம் தின்றுவிடுகிறது. குரலின் நாதம் மிஞ்சுகிறது, சொல் போய்விடுகிறது. தெலுங்கு அறியாதவருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். சொல் புரியாமல் இருப்பது வேறு, சொல்லே கேளாமல் இருப்பது வேறு. புரியாத சொல்லைப் பிள்ளை வீட்டுக்கு வந்து பொருள் கேட்கும். கேளாத சொல்லை என்னவென்று கேட்கும்?

அரங்கப் படங்களின் குறை இன்னொரு வகையானது. இதை விளக்க ஒரு மேனாட்டுப் படத்தைத் துணைக்கு அழைக்கிறேன். பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் 1971 அக்டோபரில் இத்தாலியின் பாம்பேயில், வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் கி.பி. 79-இல் புதைந்துபோன அந்த நகரின் பழைய வட்டரங்கில் வாசித்தார்கள். ஏட்ரியன் மேபன் அதைப் படமாக்கினார், 1972-இல் வெளியாயிற்று, செப்பனிட்டு 2025-இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. அந்த அரங்கில் இரசிகர் கூட்டம் கிடையாது. கல்படிகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. கைதட்டல் இல்லை, ஆரவாரம் இல்லை. நடுப்பகலில் வெயிலும் புழுதியும் சூழ நான்கு பேர் தமக்குத் தாமே வாசிக்கிறார்கள். புறத்துக்கென்றே கட்டிய கட்டடத்துள் அகத்தை நிகழ்த்திக் காட்டிவிட்டார் மேபன். ‘எக்கோஸ்’ படைப்பை இரண்டாக வகுத்து முன்பாதியைப் படத்தின் தொடக்கத்திலும் பின்பாதியை இறுதியிலும் வைத்தார். வேறொரு பாட்டில் மற்றவர்களைப் படமெடுத்த சுருள்கள் தொலைந்துபோயினவாம். அதனால் பெரும்பாலும் டிரம்ஸ் வாசிப்பவர் நிக் மேசனையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் கைக்கோல் ஒன்று நழுவி விழுகிறது. வாசிப்பை நிறுத்தாமல் வேறொன்றை எடுத்துக்கொள்கிறார். விபத்தால் விளைந்த காட்சிதான்; ஆனால் ஒரு கலைஞனின் உழைப்பை இவ்வளவு நேரம் இமைக்காமல் பார்க்கும் வாய்ப்பு வேறு படத்தில் அரிது.

இப்போது நம் நாட்டு அரங்கப் பதிவுகளைப் பாருங்கள். அகம் குழு மட்டுமன்று, எல்லாருமே. காமிரா ஓரிடத்தில் மூன்று நொடி நிற்பதில்லை. விரல் கம்பியில் கமகம் பிடிக்கும் கணத்தில் காட்சி கூட்டத்துக்குத் தாவுகிறது. கைப்பேசி விளக்கை ஆட்டும் இளைஞர்களைக் காட்டுகிறது. உயரத்திலிருந்து மேடையை ஒரு பொம்மைக் கொலுவாகக் காட்டுகிறது. கச்சேரியில் முன்வரிசையில் இடம் பிடிப்பது எதற்காக? மிருதங்கக்காரரின் கையையும் வயலின் வில்லையும் பார்க்கத்தானே! தொலைக்காட்சி அந்த முன்வரிசையை நமக்கு இலவசமாகத் தந்திருக்கலாம், பின்வரிசையைத்தான் தருகிறது.

இதற்கு விலக்காக ஒன்றைக் குறிப்பிடவேண்டும். கொச்சியில் ஓர் இடத்தின் பெயரையே தாங்கிய தைக்குடம் பிரிட்ஜ் குழுவினர் 2013-இல் கப்பா தொலைக்காட்சியின் ‘மியூசிக் மோஜோ’ நிகழ்ச்சியில் வாசித்த பதிவுகள் கேரளம் முழுவதும் பரவின. பெருந்திரள் இல்லாத கூடத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்ததாலேயே அவை உயிரோடு இருந்தன. அக்குழுவில் வயலினும் பாட்டுமாக நின்ற கோவிந்த் வசந்தாதான் பின்னர் 2018-இல் ‘96’ படத்துக்கு இசையமைத்துத் தமிழர் வீடுதோறும் புகுந்தார். அப்படத்தின் வயலினைக் கேட்டவர்க்கு, கூட்டம் இல்லாத அறையில் பழகிய கை அது என்பது விளங்கும்.

மொழி வழக்குக்கு வருகிறேன். சங்க மலரில் எழுதிக்கொண்டு அதைத் தொடாமல் போக இயலாது. 1941-இல் அண்ணாமலைநகரில் கூடிய தமிழ் இசை மாநாடும், 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் எழுப்பிய கேள்வி இன்றும் ஆறவில்லை. அண்ணாமலை அரசர் முன்நின்றார், கல்கியும் டி.கே.சி.யும் எழுத்தாலும் பேச்சாலும் போராடினர். கேட்பவன் மொழியில் பாடு என்பதே அவர்கள் வேண்டியது. தமிழ்ச் சொல்லைப் பெயராகக் கொண்ட குழு தன் புகழ்பெற்ற பாடல்களைத் தெலுங்கிலும் இந்துஸ்தானி மொழியிலும் பாடுவது அந்தப் பழைய புண்ணைக் கிளறத்தான் செய்கிறது.

ஆயினும் இதில் நான் வழக்கமான பல்லவியைப் பாட விரும்பவில்லை. எல்லையில் வாழும் நாம் மொழிச் சண்டையின் விலை அறிந்தவர்கள். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்களுக்குக் கோடு கிழிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் எந்தப் பக்கம் என்பதில் நடந்த வாதம் நம் பெரியவர்களின் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. தெலுங்கும் மலையாளமும் நமக்குப் பகையல்ல. தியாகராஜரே தஞ்சைத் தரணியில் வாழ்ந்து தெலுங்கில் பாடியவர். அந்த நிலையை இடம்பெயர்ந்த குடும்பங்களைவிட நன்றாக யார் புரிந்துகொள்வார்? என் குறை மொழியைப் பற்றியதன்று, சொல்லைப் பற்றியது. இன்றைய நிலையில் இவர்கள் ஒரு தமிழ்ப் பாட்டை எடுத்தாலும் சரணத்தில் அது தமிழ் என்று தெரியாமற்போகும் ஆபத்து இருக்கிறது. முதலில் சொல் கேட்கட்டும். பிறகு எந்த மொழி என்று வழக்காடுவோம்.

சொல்லை முதுகெலும்பாகக் கொண்ட குழு ஒன்று தமிழகத்தில் எழுந்தது நினைக்கத்தக்கது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில், டென்மா இசைப்பொறுப்பில், ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற பெயரோடு 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை கண்டது அது. கானாவும் பறையும் ராக் கருவிகளும் ஒன்றாக நின்றன. அவர்களுடைய பாடல்களின் கருத்தோடு உடன்படாதவர்கூட ஒரு சொல்லும் கேட்கவில்லை என்று குறைகூற முடியாது. பறை அவ்வளவு உரத்த கருவியாயிருந்தும் பாடுபவனுக்கு வழிவிடுகிறது. காரணம், ஊர்வலத்திலும் சாவிலும் திருவிழாவிலும் பாட்டோடு நடந்து பழகிய கருவி அது.

இங்கே நம் இடுக்கிக் குடும்பங்களின் முறையீடும் சேர்கிறது. பாலக்காட்டுப் பக்கம் கீர்த்தனை வந்தது போல, மலைத் தோட்டங்களுக்குத் தமிழரோடு வந்தவை பறையும் உருமியும் கும்மியும் முளைப்பாரிப் பாட்டும். தேயிலை பறிக்கும் லயத்து வீடுகளில் மாரியம்மன் திருவிழா இரவுகளில் அவை இன்றும் ஒலிக்கின்றன. கருநாடக ராக் என்ற பெயரில் வளர்ந்த இசை அனைத்தும் கேரளத் தமிழரின் ஒரு கிளையை மட்டுமே மேடை ஏற்றியிருக்கிறது. அது அகம் குழுவின் குற்றம் ஆகாது. தாம் கற்றதை அவர்கள் பாடுகிறார்கள். ஆனால் மூணாற்றுப் பிள்ளை ஒருவன் இவர்களுடைய பதிவைப் பார்த்து, கிட்டார் வாங்கித் தரச்சொல்லி அப்பாவை நச்சரிக்கும்போது, தன் பாட்டி பாடும் கும்மியும் அந்தக் கிட்டாரில் ஏறும் என்று அவனுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

இரு கிளைக்கும் பொதுவான பாட்டு ஒன்று இருக்கிறது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து. கழுகுமலை முருகன்மேல் பாடியது; கச்சேரி மேடையிலும் ஒலிக்கிறது, பழனி மலைக்கு நடக்கும் காவடிக்காரர் வாயிலும் ஒலிக்கிறது. நடைக்கென்றே பிறந்த சந்தம்; எதுகையும் மோனையும் தாமே தாளம் போடும்; அதற்குக் கூடுதல் முழவு தேவைப்படாது. அகம் குழுவினர் அதை ஒருநாள் எடுத்தால், முதல் கண்ணியைக் குரல் மட்டும் பாடட்டும். இரண்டாவதற்கு உருமி. கிட்டார் மூன்றாம் கண்ணியில், ஷட்ஜமும் பஞ்சமமுமாக, கீழே. டிரம்ஸ் வாசிக்கும் தம்பி அதுவரை கோல்களை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கட்டும். காமிராக்காரர் அவர் கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்டட்டும்.